கதை: துருவன்

நவம்பர் 4, செவ்வாய்

ஆசிரியர் இன்று என் பெயரை ஒரு வெள்ளைத் தாளில் தூரிகையால் எழுதிப் பார்த்தார். முதலில் 'அஞ்சுகம்' என்று மட்டும் எழுதினார். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா பேரையும் சேத்துக்கம்மா. அட்டையில நிக்கணும்ல?" என்று சொல்லி, 'அஞ்சுகம் பிச்சைமுத்து' என்று மறுபடி எழுதினார். எழுபத்து நான்கு வயது. கை நடுங்கவில்லை.

'வால்நட்சத்திரம்' காமிக்ஸின் ஐம்பதாம் ஆண்டு மலர் டிசம்பரில் வருகிறது. அதில் வரும் 'மண்டித் தெரு மர்மம்' நான் எழுதிய கதை. முதல் பாகம் மலரில். இரண்டாம் பாகம் பொங்கலுக்குப் பிறகு. இந்தப் பத்திரிகையில் தமிழிலேயே எழுதப்பட்ட எல்லாக் கதைகளுக்கும் இதுவரை 'கதை: துருவன்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். துருவன் என்று ஓர் ஆள் கிடையாது. யார் எழுதிக் கொடுத்தாலும் துருவன்தான். ஆனால் வாசகர்கள் எல்லோரும் துருவன் என்றால் ஆசிரியர் செவந்திலிங்கம் என்றே நம்புகிறார்கள். அவர் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

"துருவன்னு போடுற பழக்கம் உன்னோட முடியுதும்மா" என்றார்.

"தேங்க்ஸ் சார்" என்றேன். அவருக்குக் கேட்டதா தெரியவில்லை. என் குரல் எனக்கே பல நேரம் கேட்பதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து குளித்துக்கொண்டிருந்தவர், தலையில் சோப்பு நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என் பேருமா?"

"ஆமாப்பா."

"என் பேரு ரேஷன் கார்டுலதான் அச்சாயிருக்கு."

"அதுலயும் தப்பா" என்றாள் அம்மா.

நவம்பர் 8, சனி

சனிக்கிழமை என்றால் ஆசிரியர் வெள்ளை வைக்கிற நாள். அந்த மாத இதழுக்கான ஓவியங்களை எல்லாம் மேசையில் பரப்பிக்கொண்டு, மெல்லிய தூரிகையை வெள்ளை மையில் தொட்டு, ஓவியர்களின் கையெழுத்துகளை ஒவ்வொன்றாக மறைப்பார். வெளிநாட்டுக் கதை என்றாலும் சரி, நம் ஜோதி அண்ணன் வரைந்தது என்றாலும் சரி. வேறு யாரையும் அந்த வேலையைச் செய்ய விடமாட்டார்.

ஒருமுறை அவரே காரணம் சொன்னார். "படிக்கிற பையன் கதைக்குள்ள இருக்கான்மா. ஓரத்துல ஒருத்தன் பேரு தெரிஞ்சா, அட இது யாரோ வரைஞ்சதுன்னு வெளிய வந்துருவான். நான் அவன வெளிய விடமாட்டேன்."

கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

ஜோதிநாதன் அண்ணன் இருபத்தாறு வருடமாக இங்கே வரைகிறார். அவரும் ஒவ்வொரு கதையிலும் மூலையில் சின்னதாக 'ஜோதி' என்று போடுவார். இவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அழிப்பார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. "ஏண்ணே, அழிப்பாருன்னு தெரிஞ்சும் போடுறீங்க?" என்று கேட்டேன்.

"அஞ்சுகம்னு கிளிப் பேரு வெச்சிக்கிட்டு வாயே தொறக்காத நீ, என்னைய கேள்வி கேக்குறியா?" என்று சிரித்தார்.

இணையத்தில் ஆசிரியரைத் திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் பத்து வருடம் வெளிநாட்டுக் கதைகளை அனுமதி இல்லாமல் போட்டார், பக்கங்களை வெட்டினார், பெண் பாத்திரங்களுக்குத் தானே சேலை உடுத்திவிட்டார் என்று எழுதுகிறார்கள். பொய் இல்லை. விற்காமல் திரும்பி வரும் பிரதிகளை ஒன்றுகூட எடைக்குப் போடாமல் அரசு விடுதிகளுக்கு அனுப்புகிறார். ஜோதி அண்ணனின் கண் ஆபரேஷனுக்கு உடன் இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான். அதுவும் பொய் இல்லை.

நவம்பர் 19, புதன்

இன்று ஜோதி அண்ணனுக்கு இரண்டாம் பாகத்தைச் சொல்லி முடித்தேன். இங்கே கதையை முழுதாக எழுதிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. கதை செய்கிறவர் ஓவியரின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் கட்டமாகச் சொல்ல வேண்டும். அவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே கேட்பார். வசனம் பிறகுதான். பேசத் தெரியாத எனக்கு இப்படி ஒரு வேலை. ஆனால் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பதால் எனக்குப் பேச வந்துவிடுகிறது.

கதையின் நாயகி பொன்னி, மூட்டை தூக்குகிறவரின் மகள். வெங்காய மண்டியில் லோடோடு காணாமல் போகும் லாரிகளைக் கண்டுபிடிக்கிறாள். முதல் பாகத்தில் ஒரு கட்டம். பொன்னியைக் கல்லூரியில் சேர்க்கும்போது கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். அவள் அப்பா வெளியே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவுகிறார். திரும்பி வந்து பேனாவைப் பார்த்துவிட்டு, மறுபடி போய்க் கழுவிக்கொண்டு வருகிறார்.

"இது நீ கட்டினதா, நடந்ததா?" என்றார் அண்ணன்.

"கட்டினது" என்றேன்.

பொன்னியின் அப்பாவுக்கு அவர் வரைந்திருக்கும் தோள் என் அப்பாவின் தோள் மாதிரியே இருக்கிறது.

டிசம்பர் 3, புதன்

'ஆசிரியர் பதில்கள்' பக்கத்தை முடித்தேன். நான் சேர்ந்த மூன்றாம் மாதத்திலிருந்து அதை நான்தான் எழுதுகிறேன். 'என் அன்பு மருமகனே' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். வாசகர்களை அவர் அப்படித்தான் அழைப்பார். பெண் வாசகி என்றால் 'மருமகளே'. துறையூரிலிருந்து ஒருவர், போன மாதப் பதிலைப் படித்துவிட்டு மூன்று வருடமாகப் பேசாத தம்பியோடு பேசிவிட்டேன், உங்கள் காலைத் தொட்டு வணங்குகிறேன் என்று எழுதியிருந்தார்.

ஆசிரியரிடம் காட்டினேன். "நல்லா எழுதியிருக்கேன்ல?" என்றார்.

வரும் வழியில் கறிவேப்பிலையும் அம்மாவுக்குத் தைலமும் வாங்கினேன்.

டிசம்பர் 12, வெள்ளி

அட்டை வந்தது. ஜோதி அண்ணன் வரைந்த பொன்னி லாரியின் பின்கதவைப் பிடித்துத் தொங்குகிறாள். கீழே, கதை: துருவன்.

தவறுதலாகப் பழைய வடிவத்தை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஆசிரியர் அறைக் கதவருகே போய் நின்றேன். அவர் போனில் இருந்தார். கையால் 'அப்புறம்' என்று காட்டினார். மாலையில் போனபோது புறப்பட்டுக்கொண்டிருந்தார். "விழாவுல எல்லாம் சொல்லப்போறேம்மா. அப்பா அம்மாவக் கூட்டிட்டு வந்துரு. முன் வரிசையில உக்கார வெக்கிறேன்."

அப்படியென்றால் மேடையில் அறிவிக்கப்போகிறார். அட்டையில் போடுவதைவிட அது பெரியது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

டிசம்பர் 21, ஞாயிறு

தில்லைநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. எங்கெங்கிருந்தோ வாசகர்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயது ஆண்கள். சிலர் பழைய இதழ்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அப்பா, தன் கூட மூட்டை தூக்கும் அந்தோணி மாமாவையும் அழைத்து வந்திருந்தார். இருவரும் வெள்ளைச் சட்டை. முன் வரிசையில் இடம் போட்டிருந்தது. சொன்ன மாதிரியே.

ஆசிரியர் பேசினார். மலரைக் கையில் உயர்த்தினார். "துருவன் யாருன்னு ஐம்பது வருசமா கேக்குறீங்க" என்றார். மண்டபம் கத்தியது. அவர் சிரித்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். "இந்தக் கதைக்காக எத்தன ராத்திரி காந்தி மார்க்கெட்டுல நின்னிருக்கேன் தெரியுமா?" என்றார். மருமகன்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அப்புறம் என் பெயரைச் சொன்னார். அந்தோணி மாமாதான் "போ பாப்பா, போ" என்று எழுப்பிவிட்டார். மேடையில் ஆசிரியர் என் தோளில் சால்வை போட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்: "இந்தப் பொண்ணோட அப்பா மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவரு. யாரோ படிச்சிட்டு எடைக்குப் போட்ட வால்நட்சத்திரத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மகளப் படிக்க வெச்சாரு. இன்னிக்கு அவங்க வீட்டுலயே முதல் பட்டதாரி. நம்ம ஆபீஸ்ல எனக்கு உதவியா இருக்கு. நான் ஐம்பது வருசம் என்ன செஞ்சேன்னு கேக்குறவங்களுக்கு, இதான் என் பதில்."

சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அப்பா கொண்டுவந்த பழைய இதழ்களில்தான் நான் எழுத்துக் கூட்டினேன். அதனால்தான் அவரிடம் வேலைக்கு வந்தேன்.

மேலே இருந்து பார்த்தேன். அப்பா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 22, திங்கள்

லீவு சொன்னேன். சால்வையை அம்மா அலமாரியில் மடித்து வைத்திருக்கிறாள். போர்வை துவைத்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

அப்பா நான்கு நாளாக மலரைப் படிக்கிறார். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக. அட்டையில் பெயர் இல்லாததைப் பற்றி அவர் கேட்கவில்லை. மேடையில் கூப்பிட்டார்களே, அதுதான் பெயர் வருவது என்று எடுத்துக்கொண்டார் என நினைத்திருந்தேன்.

இன்று குழாயடிக் கட்டத்துக்கு வந்திருந்தார். விரல் அங்கேயே நின்றது. பக்கம் திரும்பவில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, இது நான்தானே?"

"எதுப்பா?"

"ரெண்டு தடவ கழுவுனேன். நீதான் பக்கத்துல நின்ன."

"பேச்சுவாக்குல சார்கிட்ட சொல்லியிருப்பேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, "ஐயா எந்த மண்டியில வந்து நின்னாராம்? அந்தோணியும் பாத்ததில்லங்கிறான்" என்றார். நான் மிக்ஸியைப் போட்டேன். அது நின்றதும் சொன்னார்: "மேடையில நீ சிரிக்கவே இல்ல. அப்பவே நெனச்சேன்."

சட்னியில் உப்பு போட மறந்துவிட்டேன். யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "சார், என் பேரு போடுறதா சொன்னீங்க."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிப் பாத்தேன்ல. நீயும் பாத்தல்ல. போடத்தான் நெனச்சேன்" என்றார். "அட்டை தயாரானதும் பாத்துக்கிட்டே இருந்தேன்மா. கடைசி மலர். என் கையால நான் ஒரு கதகூட எழுதுனதில்ல. தெரியுமா? வரையவும் வராது. வெளிநாட்டுக்காரன் கத, ஜோதி படம், யார் யாரோ வசனம். ஐம்பதாவது வருசத்துல அட்டையில உன் பேரும் இருந்தா, அப்ப நீ என்னதான் செஞ்சேன்னு என்னைய கேப்பாங்கல்ல?"

"எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன் சார்."

"அப்பா சந்தோஷமாத்தான போனாரு?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஆசிரியர் இறந்துவிட்டார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

ஜனவரி 12, திங்கள்

உறையூரில் அவர் வீட்டுத் தெரு முழுக்க மருமகன்கள். ஓர் ஆட்டோக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஸ்கூலுக்குப் போனதில்ல தம்பி, இவரு புஸ்தகத்துலதான் படிச்சேன்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வீடு தள்ளி, தாடி வைத்த ஒரு முதியவர் டீ குடித்துக்கொண்டு, "எழுபத்தொம்பதுல நானும் ஒரு வருசம் துருவனா இருந்தேன்" என்றார். கூட இருந்தவர் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

என்னைப் பார்த்ததும் சிலர் வழிவிட்டார்கள். "சால்வை போட்டாரே, அந்தப் பொண்ணு."

எனக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று தெரியவில்லை. ஜோதி அண்ணன் அழவில்லை. பூமாலையின் ரிப்பன் முறுக்கிக்கொண்டிருந்ததைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

ஜனவரி 20, செவ்வாய்

துக்கமும் பொங்கல் விடுமுறையும் முடிந்து ஆபீஸ் இன்றுதான் திறந்தது. ஆசிரியரின் மகன் இளங்குமரன் சார் பெங்களூரிலிருந்து வந்து பொறுப்பு எடுத்திருக்கிறார். மரியாதையாகப் பேசுகிறார். என்னையும் ஜோதி அண்ணனையும் உட்காரச் சொன்னார்.

"செகண்ட் பார்ட் எந்த நிலைமையில இருக்கு?"

"இவங்க சொல்லி முடிச்சிட்டாங்க. பென்சில்ல பாதிக் கட்டம் கோடு போட்டிருக்கேன்" என்றார் அண்ணன்.

"நல்லதாப் போச்சு. அப்பா விட்டுட்டுப் போன கடைசிக் கதைன்னு போடப்போறோம். வாசகர்களுக்கு அதவிட வேற என்ன வேணும்? நீங்க வசனத்த முடிச்சிக் கொடுங்க மேடம். அப்பா பதில்களும் ஒரு மூணு இதழுக்கு வரட்டும். முன்னாடியே எழுதி வெச்சிருந்தாருன்னு இருக்கட்டும். உங்க வேலைய நிரந்தரம் பண்ணிடுறேன்."

நான் தரையைப் பார்த்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 21, புதன்

பதில்கள் பக்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணப்பாறையிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: 'ஆசிரியர் மாமா, துருவன் நிஜமாவே நீங்கதானா?' அவர் இறப்பதற்கு முன்பே வந்த கேள்வி.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. இந்தப் பக்கத்தில் நான் என்ன எழுதினாலும் அது அவர் சொன்னதாகிவிடும். எழுதினேன்: 'என் அன்பு மருமகளே, நான் துருவன் இல்லை. பல பேர் துருவனாக இருந்தார்கள். மண்டித் தெரு மர்மத்தை எழுதியவள் அஞ்சுகம் பிச்சைமுத்து. அவள் பெயரைப் போடாதது என் தவறு.'

திரும்பப் படித்தேன். அவர் குரல் அப்படியே வந்திருந்தது. மண்டபத்தில் எழுந்து நின்று தட்டிய அத்தனை பேரும் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்றும் தெரிந்தது. எவ்வளவு பெரிய மனசு, சாகும்போதும் ஒத்துக்கொண்டாரே என்பார்கள். அவர் சொல்லாத ஒன்றை நான் சொல்லி, அந்த நல்ல பெயரும் அவருக்கே போகும்.

கிழித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

இளங்குமரன் சாரிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனேன். ஆனாலும் வரிசை மாறித்தான் வந்தது.

"வசனம் எழுதுறேன் சார். ஆனா கதைன்னு என் பேரு போடணும். முதல் பாகமும் நான்தான்னு ஒரு வரி போடணும். இல்லன்னா கதையத் தர மாட்டேன்."

அவர் என்னை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். "செத்துப்போன மனுசன் பொய் சொன்னாருன்னு அவரு பத்திரிகையிலயே நான் போடணுமா? அவரு உங்கள மேடையேத்தி மரியாதை செஞ்சாரே மேடம்."

"ஆமா சார்" என்றேன். எழுந்துவிட்டேன்.

வெளியே ஜோதி அண்ணன் மேசையில் குனிந்திருந்தார். என் பையையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டேன். "கிளிக்குப் பேச்சு வந்துருச்சு போல" என்றார், தலை நிமிராமல். வழக்கமாக அதற்கு அவரே சிரிப்பார்.

"நான் சொன்னதெல்லாம் உங்ககிட்டதான் இருக்குண்ணே" என்றேன். அவரை நம்பித்தான் அப்படிச் சொன்னேன்.

"எங்கிட்ட இருக்கும்மா. எங்க போவப்போவுது."

வீட்டில் வேலையை விட்டதைச் சொன்னதும் அம்மா சத்தம் போட்டாள். அப்பா, "அவ சும்மா விட்டுருக்க மாட்டா. சோத்தப் போடு" என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

திருவெறும்பூரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலை கிடைத்திருக்கிறது. ஏழாம் வகுப்புக்குத் தமிழ். முதல் நாள் குரல் எழும்பவில்லை. பின் பெஞ்சு ஒருவன் "மிஸ், சவுண்டு வைங்க" என்றான்.

மார்ச் 5, வியாழன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டு கடையில் வால்நட்சத்திரம் தொங்கியது. அட்டையில் பொன்னி. 'மண்டித் தெரு மர்மம், இரண்டாம் பாகம். ஆசிரியர் விட்டுச்சென்ற கடைசிக் கதை.'

நின்றபடியே படித்தேன். வசனம் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், பொன்னி என்னைவிட நிறையப் பேசுகிறாள். ஆனால் கட்டங்கள் நான் சொன்னவைதான். லாரி ஒளிந்திருக்கும் இடம், தராசுக்காரர் மாட்டிக்கொள்வது, பொன்னியின் அப்பா எல்லோர் முன்னாலும் மேஸ்திரியின் கையைத் தட்டிவிடுவது எல்லாம். ஒன்றுகூட விடுபடவில்லை. அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் ஜோதி அண்ணன்.

முதல் பக்கத்தில், கதை: துருவன். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், ஓவியம்: ஜோதிநாதன்.

இந்தப் பத்திரிகையில் ஓர் ஓவியரின் பெயர் அச்சானது இதுதான் முதல் தடவை. நான் சொன்ன கட்டங்களுக்கு விலையாக இளங்குமரன் சார் எதைக் கொடுத்தார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பிரதி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தது. ஜோதி அண்ணன்தான்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேண்ணே."

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம் கேட்டது. எங்கோ தெருவில் நின்றுதான் பேசியிருக்கிறார். "என் பொண்ணு நூறு தடவ தடவிப் பாத்துட்டா, அஞ்சுகம்" என்றார். பிறகு, "இருபத்தாறு வருசம்மா" என்றார்.

"தெரியும்ணே. பேரு நல்லா வந்திருக்கு."

வைத்துவிட்டேன். அதை வாழ்த்தாகச் சொன்னேனா, வேறு எப்படியா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தை மறுபடி திறந்து அவர் பெயரைப் பார்த்தேன். அட்டையில் இல்லை, ஓரத்தில் இல்லை. உள்ளே, கறுப்பில், ஒரே ஒரு வரி.

நான் கேட்டதும் அவ்வளவுதான்.